அங்கன எந்தத் தெரு?

14-6-1938

பேச்சிக்கு,

இதை யாருகிட்டயும் குடுத்து வாசிக்கச் சொல்லாதே. மெதுவா எழுத்துக்கூட்டி நீயே வாசி.

வீடு கிடைச்சிருச்சு. கொல்லையில கிணறு இருக்கு. ரெண்டு மாசமா ஆபீஸ் வராந்தாவுல படுத்துக்கிட்டு, பதினோரு வீடு ஏறி இறங்கினேன். எல்லாரும் நல்லாத்தான் பேசுனாக. எந்த ஊருன்னு கேட்டாக, கடமலைக்குண்டுன்னு சொன்னேன். அங்கன எந்தத் தெருன்னு கேட்டாக. சொன்னதும், நேத்தே வேற ஆளுக்குப் பேசியாச்சுன்னு கதவைச் சாத்துனாக.

போன மாசம்தான் பஞ்சாயத்து போர்டுல தீர்மானம் போட்டாக, சாதி பார்த்து யாருக்கும் வீடு மறுக்கக் கூடாதுன்னு. அதை நகல் எழுதி ஊரெல்லாம் ஒட்டின குமாஸ்தா நான்தான். இந்தப் பன்னிரண்டாவது வீட்டுச் சுவத்துலயும் என் கையெழுத்துதான் ஒட்டியிருக்கு. அதுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டுத்தான் வீட்டுக்கார அம்மா, "அங்கன எந்தத் தெரு தம்பி?"ன்னு கேட்டாக.

எனக்குக் கால் ஓஞ்சு போச்சு பேச்சி. பிள்ளையார் கோயில் தெருன்னு சொல்லிட்டேன். உடனே சாவியைக் கையில குடுத்து, குடிக்க மோரும் குடுத்தாக.

வெள்ளிக்கிழமை மகளைக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறிரு. வழியெல்லாம் அந்தத் தெருப் பேரை அவளுக்குச் சொல்லிப் பழக்கு. என் ஆத்தாவை இப்பக் கூட்டிட்டு வராதே. அதுக்குப் பொய் சொல்ல வராது. வீடு சின்னதுன்னு சொல்லிச் சமாளி.

பதில் போட்டா, கவர் மேல நம்ம தெருப் பேரை எழுதிராதே.

இப்படிக்கு,
உன் தெருக்காரன்