ட்ரோனில் ஒட்டிய விளக்கு

கார்த்திகை 12, வியாழன்.

அப்பா எனக்கும் சேர்த்து எழுதிவைத்த திராட்சைத் தோட்டத்துக்குள் அண்ணன் என்னை விடுவதில்லை. அவர் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். அங்கிருந்தே சாயங்காலம் அவருக்குத் தெரியாமல் சின்ன ட்ரோனை அனுப்பி என் பங்கைப் பார்த்துவந்தேன். இருட்டினால் அது எங்கே பறக்கிறதென்று தெரிவதில்லை. தென்னையில் மோதிவிடுமோ என்று இன்று மினுக்கும் விளக்கு ஒட்டினேன். பளிச்சென்று தெரிந்தது, ஊருக்கே.

“கொழுந்தனாரு நட்சத்திரம் விட்டிருக்காக!” கீழே அண்ணி சிரித்தார்.

அண்ணன் வையவில்லை. “ஏலே, நல்லாத்தான் இருக்கு. தெனமும் பந்தலுக்கு மேல சுத்தவிடு. வௌவால் அண்டாது. காவலுக்கு ஆளு மிச்சம்.”

மறுத்தால், பின்னே எதற்குப் பறக்கவிட்டாய் என்பார். மாடியும் போகும். சரிண்ணே என்றேன்.

பேட்டரியை சார்ஜில் போட்டிருக்கிறேன். நாளைக்கு வேண்டுமே.