கண்மூடிப் போட்ட கையெழுத்து

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் மாமாவின் இருமல் மட்டும் வீட்டைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

கல்லூரிப் பெண்களுக்குக் கணக்காகச் செலவழிக்கச் சொல்லிக்கொடு என்று உன் கம்பெனி வகுப்புக்கு அனுப்பினாயே, போய் வந்தேன். பள்ளிக்கூடத்தையே முடிக்காதவள் கல்லூரிக்குள் நின்று பேசியது கடவுள் புண்ணியம். முதலில் எல்லாரையும் கண்மூடிப் பிரார்த்திக்கச் சொன்னேன். பிறகு முந்தின நாள் செலவை எழுதச் சொன்னேன். ஒருத்தி, "அப்பா காசையும் எழுதணுமா ஆன்ட்டி?" என்றாள். "அதைத்தாம்மா முதல்ல எழுதணும்" என்றேன். ஒரே சிரிப்பு.

ஒரு குறை. முடிந்ததும் உன் ஆள் ஏதோ தாளை நீட்டி, "ஆன்ட்டியே சொல்லிட்டாங்க, தைரியமா கையெழுத்துப் போடுங்க" என்றான். நான் என்னடா சொன்னேன்? அது என்ன தாள்?

ஆசிகளுடன்,
அக்கா

மார்ச் 9

பாசமுள்ள அக்காவுக்கு,

அது கடன் அட்டை விண்ணப்பம், அவ்வளவுதான். எல்லாரும் பதினெட்டு தாண்டியவர்கள். முதல் மாதம் வட்டியும் கிடையாது. சும்மா பாடம் நடத்தினால் கம்பெனிக்கு என்ன லாபம், நீயே சொல்.

உன் வகுப்பில் விழுந்த கையெழுத்து வேறெங்கும் விழுந்ததில்லை. அந்தப் பிரார்த்தனை அபாரம்! அதற்கப்புறம் ஒருத்தியும் கேள்வி கேட்கவில்லையாம். அதை மட்டும் விட்டுவிடாதே. சம்பளம் அனுப்பியிருக்கிறேன். மாமாவை நல்ல டாக்டரிடம் காட்டு.

உன் செல்லத் தம்பி

மார்ச் 17

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அந்தப் பிள்ளைகள் என்னை நம்பிக் கண்ணை மூடினார்கள். நீ அந்த நேரம் பார்த்து அவர்கள் பைக்குள் கையை விட்டாய். திருடன்கூடச் சாமி பேரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. சம்பளத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

நேற்று மறுபடி போனேன். "இன்னிக்குக் கண்ணைத் தொறந்து வெச்சுக்குங்க" என்றேன். உன் தாளின் அடியில் எறும்பு ஊர்வதுபோல் அச்சடித்திருந்ததைப் பலகையில் பெரிதாக எழுதினேன். நூற்றுக்கு மாதம் மூன்றரை வட்டி. பத்தாயிரம் கடனுக்கு ஐந்நூறு கட்டினால் முந்நூற்றைம்பது வட்டிக்கே போய்விடும்.

உன் ஆள் வாசலில் நின்று, "சொந்தத் தம்பி பொழப்புல மண்ணை அள்ளிப் போடுறீங்களே!" என்று கத்தினான். நான் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "ஆமா, என் தம்பிதான். அவனை நம்பாதீங்க" என்றேன். சொல்லும்போது நாக்கு கூசியது.

எல்லாரும் அட்டை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். முதல் வரிசையில் ஒருத்தி மட்டும் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு அட்டை வந்துவிட்டது, அம்மாவின் பல் வைத்தியத்துக்கு அதில் கிடைக்கும் கடன் மொத்தத்தையும் எடுத்துவிட்டாள். "சாமி கும்பிட்டுட்டுத்தானே போட்டோம் ஆன்ட்டி, தப்பா இருக்காதுன்னு நெனச்சேன். இதை எப்படிக் கட்டுறது?" என்றாள்.

அவள் முகவரியை இத்துடன் வைத்திருக்கிறேன். பதிலை அவளுக்கு எழுது. எனக்கு எழுதாதே.

இப்படிக்கு,
அந்தப் பிள்ளைகளின் ஆசிரியை