முன்னூறு அடிக் கயிறு

ஆடி 9, வெள்ளி
கல்வராயன் பக்கம் கருமேகம். தூறல் இல்லை. இந்த நோட்டின் மேல் கைவைத்துச் சத்தியம்: இனி எழுதப்போவதை ஈரேழு உலகத்திலும் ஒருவரும் நம்பப்போவதில்லை. நம்பாதிருப்பது அவரவர் உரிமை.

அவன் ஜெயிலிலிருந்து வந்துவிட்டான். இரண்டு வருஷம் முன்பு, புளி விற்க மலையிலிருந்து வந்த பெண்ணிடம் பஸ்ஸில் கைவைத்தவன். கண்டக்டர் ஒருவர்தான் சாட்சி சொன்னார்.

காட்டுக்கொட்டாயில் தங்கச்சி வீட்டில் ரகளை. அவள் மகள் தேவகி, தினமும் கரும்புக்காட்டு வழியாக ஊருக்கு வந்து, ஆறு மணி பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி தையல் கம்பெனிக்குப் போகிறவள். "அவன் ஊர்ல இருக்கிற வரைக்கும் நீ வூட்டுலயே கெட." தங்கச்சியின் தீர்ப்பு. தேவகி என்னைப் பார்த்தாள். "நீ வேலைக்குப் போவ. மாமன் பொறுப்பு" என்றேன். சொன்னதும் மீசை ஒரு முழம் வளர்ந்தது.

ஆடி 10, சனி
ரேஷன் கடை வாசலில் ஊர்க்கூட்டம். தலைவர் போனைத் தூக்கிக் காட்டினார்.

"வெளிநாட்டுல சட்டமே இருக்குதாம்யா. இந்த மாதிரி ஆளு ஸ்கூல், பார்க்கு பக்கம் வரக்கூடாது. நூறு மீட்டரு. நாமளும் வெப்போம்."

நூறு மீட்டரை எதால் அளப்பது? போர்வெல்லில் மோட்டார் இறக்குகிற என் கயிறு முன்னூறு அடி. அது போதும் என்று சபைக்கு அறிவித்தேன். பள்ளிக்கூடம், கோயில், பஸ் ஸ்டாப், தண்ணி டேங்க். நான்கு இடத்திலும் கயிறு பிடித்துச் சுண்ணாம்பு வட்டம். பூமி உருண்டையானதே இன்றைக்குத்தான். கயிற்றின் மறுமுனையைப் பிடித்தது மலையிலிருந்து இறங்கி வந்த புலி.

அவன் வீடு வட்டத்துக்குள். தலைவர் வீடும்தான், அதை யாரும் பேசவில்லை.

"கரும்புக்காட்டு மோட்டார் கொட்டாய்ல கெடக்கட்டும்" என்றார் தலைவர்.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் இரண்டு காலாலும் சேர்த்துத் தட்டினேன்.

ஆடி 11, ஞாயிறு
டீயில் சர்க்கரை ஜாஸ்தி. செருப்பு தைக்கக் கொடுக்க வேண்டும். தேவகி வந்தாள்.

"மாமா, நான் பஸ்ஸுக்கு எந்த வழியா வரேன்?"

"கரும்புக்..."

பாதியில் நின்றுவிட்டது.

"ஆளு நடமாடற எடத்துலேர்ந்து அவன தொரத்தி, நான் தனியா வர்ற வழியில குடி வெச்சிட்டீங்க. கைதட்டு வேற."

மீசை பழைய அளவுக்குச் சுருங்கியது.

"அவன் தப்பு பண்ணது தனி எடத்துலயா மாமா? நெறஞ்ச பஸ்ல. அத்தினி பேருல ஒருத்தராவது வாயத் தெறந்தாங்களா? அவங்கள எல்லாம் எந்தக் கயித்தால அளப்ப?"

டீ ஆறிப்போனது.

ஆடி 12, திங்கள்
கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு தலைவர் வீட்டுக்கு.

"இன்னாப்பா, வட்டத்தப் பெருசாக்கணுமா?"

"வட்டமே வாணாம். அவன் வூட்டுலயே இருக்கட்டும், நாலு பேரு கண்ணு முன்னால. ஸ்டேஷன்லயும் சொல்லி வெப்போம். பஸ்ல எவன் கைவெச்சாலும், கத்தி வண்டிய நிறுத்தி ஸ்டேஷனுக்கு வுடணும். கண்டக்டர்கிட்ட பேசிட்டேன்."

"யாரு கத்தறது?"

"நானு."

"நீ கத்தினா எவன்யா நம்புவான்?"

சிரித்தார். சிரித்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு சரி என்றார். அப்படியே அவன் வீட்டு வாசலுக்கும் போய்ச் சொன்னேன்: "ஆறு மணி பஸ்ல தெனமும் நான் இருப்பேன்." கொட்டாய்க்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தவன் தலை நிமிரவில்லை. காதில் விழுந்திருக்கும்.

ஆடி 13, செவ்வாய்
விடிகாலை. தூறல். காட்டுக்கொட்டாய்க்கே போய்த் தேவகியைக் கூட்டி வந்தேன். தங்கச்சி டிபன் பாக்ஸை என் கையில் கொடுத்தாள். பஸ்ஸில் கூட்டம்.

"மாமா, ஒருத்தரு எறங்கிட்டாரு, சன்னல் சீட்டு காலியா கீது. குந்து."

"வாணாம்."

கள்ளக்குறிச்சி வரை நின்றேன். ஆயிரம் மைல். நாளைக்கும் நிற்பேன்.

புலி பொய். மீசை பொய். ஆயிரம் மைலும் பொய். சின்னதாக ஒன்று மட்டும் உண்மை. அந்தப் புளிக்காரப் பெண் கத்தியபோது அதே பஸ்ஸில் நானும் இருந்தேன். சன்னல் சீட்டு. வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.