மஞ்சளுக்கு அடியில் பச்சை

சுங்கை பினாங்கில் நம் வீட்டுக்குள் இடுப்பளவு வெள்ளம் வந்ததே, அதற்கு அடுத்த வருஷம். ஆட்சி மாறியதைக் காப்பிக் கடையில் இன்னும் பேசி முடித்திருக்கவில்லை. அப்போதுதான் நீ, "என்னைப் பெத்த வீட்ட ஒரு தடவ பாத்துடணுங்க" என்றாய்.

இன்று காலை சூலியா தெருப் பக்கம் ஒரு சந்தில், ஒரு வீட்டுச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். புதுச் சாயம் அடிக்கப் போகிறார்களாம். மஞ்சள் செதில் செதிலாக உதிர, அடியில் பச்சை தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் நம் மகளை உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல எழுது என்றேன். எனக்குத்தான் எழுத்து வராதே.

உன்னைப் பெற்றவர்கள் சீனர்கள். மூன்றாவதும் பெண்ணாகப் போனதால் முப்பது நாள் குழந்தையைத் தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். வளர்த்த அம்மா சாகும்முன் உனக்குச் சொன்ன அடையாளம் இவ்வளவுதான்: பச்சை வீடு, ஜன்னலுக்கு மேலே வௌவால் மாதிரி இரண்டு காற்றுத் துளை. அந்த வௌவால் பாதி ஊரில் இருக்கிறது.

என்னை விட்டால் யார் தேடுவது? நாற்பது வருஷம் அந்தத் தெருக்களில் சலவைத் துணி சுமந்தவன். கதவு எண் படிக்கத் தெரியாது. நிறம்தான் எனக்கு விலாசம். எந்த வீடு எப்போது எந்த நிறத்துக்கு மாறியது என்று இப்போதும் சொல்வேன்.

ஞாயிறுதோறும் காலையில் நடந்தோம். நீலம், ரோஸ், ஆரஞ்சு என்று வீடுகள் கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல் நின்றன. பழக்கடைக்காரர் உன் முகத்தைப் பார்த்து ஹொக்கியன் சீனத்தில் ஏதோ கேட்பார். நீ திருதிருவென்று விழிப்பாய். கருத்த நான் ஹொக்கியனில் பதில் சொன்னதும் நம் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார்.

"மூஞ்சி என்கிட்ட, பாஷ உங்ககிட்ட. மேல இருக்கிறவன் பார்சல மாத்திக் கட்டிட்டான் லா" என்று சிரிப்பாய்.

ஆறாவது ஞாயிறு, இன்று சுரண்டிய அந்த மஞ்சள் வீடு. அங்கே துணி எடுத்ததில்லை, கடந்து போனதோடு சரி. ஆனால் முன்பு பச்சையாக இருந்தது என்று தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது. உன்னிடம் சொல்லவில்லை. வாசலை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில் உன்னைவிட மூத்த ஒருத்தி நாற்காலி போட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உன் நெற்றி, உன் தாடை.

"இந்த அக்காகிட்ட கேளுங்களேன்" என்றாய்.

கேட்டேன். அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டு ஹொக்கியனில் சொன்னாள்: கடைசித் தங்கையைத் தமிழ் வீட்டுக்குக் கொடுத்தோம். அம்மா சாகிற வரைக்கும் அவளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். உனக்கு அவளைத் தெரியுமா?

நீ என் வாயையே பார்த்தாய். "என்னங்க சொல்றாங்க?"

"தெரியாதாம். இவங்க குடி வந்தே அஞ்சு வருஷந்தானாம்."

அவளிடம் திரும்பி, எனக்குத் தெரியாது என்றேன். இரண்டு பாஷையிலும் பொய்.

பெற்ற வீட்டைப் பார்த்துவிட்டால், என்னோடு வாழ்ந்த வாழ்க்கை உனக்குச் சின்னதாகத் தெரிந்துவிடுமோ என்று பயந்தேன். அறுபது வயதில் அக்காவைப் பார்த்தவள் புருஷனை விட்டா ஓடப்போகிறாள்? அன்று அது தோன்றவில்லை. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளினேன். நீயோ, "போதுங்க, கால் வலிக்குது. அந்த வீட்ட இடிச்சிருப்பாங்க" என்று விட்டுவிட்டாய். பிறகு கோவிட் வந்தது. உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னை உன்னோடு வர விடவில்லை. அங்கிருந்து நீ திரும்பவில்லை.

இங்கே வந்ததும் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"அம்மாகிட்ட இப்படியா சொன்னீங்க?"

"ஆமா."

பேனாவை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு, "அங்க இன்னும் யாராச்சும் இருக்காங்களாப்பா?" என்றாள்.

காலையில் அங்கே பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். உன் நடு அக்கா போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். கீரை ஆய்ந்தவள் இருக்கிறாள். அன்று நாம் பெயர்கூடக் கேட்காமல் திரும்பிய உன் மூத்த அக்கா. பெயர் சியூ ஹோங்.