கம்மி, ஜாஸ்தி என்று எழுதிய பெடல்

வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு கொப்புளம். பேனா அதன்மேல் பட்டால் சுரீர் என்கிறது. அதனால் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கோழி கிறுக்கின மாதிரி இதை உனக்கு எழுதுகிறேன். கொடியில் கிடந்த என் புடவையை மடிக்க எடுத்தேன், அதில் உன் வாசனை. ஈயம் உருகும்போது எழும்புமே, மூக்கில் ஏறினால் தும்மல் வரவழைக்கும் அந்தப் பிசின் புகை, அதுதான். நீ முழம் முழமாக மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாலும் பூவை முந்திக்கொண்டு அதுதான் முதலில் வரும். ஆமாம், நான்தான் சால்டரிங் அயர்னைப் பிடித்தேன். நம்ப மாட்டாய். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த உன் மைக் செட் கடையில் அதைத் தொடப் போனாலே, "மேடம், அது டைப் மெஷின் இல்ல, கவர்மென்ட் கைய மடியில வெச்சிக்கினு சும்மா குந்து" என்று அதட்டினவள் அல்லவா நீ!

முதலில் நல்ல சேதி. உன் மகள் நிவேதாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. முந்தாநாள் சாயங்காலம் வேங்கிக்கால் மண்டபத்தில் வரவேற்பு, நேற்றுக் காலையில் முகூர்த்தம். சாப்பாட்டில் குறை சொல்ல வந்தவர்கள்கூட இரண்டாம் தடவை பாயசம் கேட்டார்கள். ஆனால் வரவேற்புக்கு முந்தின நாள் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாம் நீ செய்துகொடுத்த அந்தக் கால் பெடலால் வந்த வினை.

என் ஸ்டீல் கிட்டார் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? செங்கம் ரோட்டில் மாடி அறையில் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா ஊருக்குத் திரும்பும்போது, கனம் தாங்காது என்று எனக்கு விட்டுப்போனது. நான் அப்போதே கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட். சனி ஞாயிறானால் கச்சேரிக் குழுவில் சாதாரண கிட்டாரை மடியில் படுக்கப் போட்டு வாசிப்பவள். இதுவோ நாலு காலில் நிற்கிற மேஜை. மேலே பத்துக் கம்பி, கீழே கம்பியை இழுத்து விடுகிற பெடல்கள், முழங்காலுக்கும் வேலை. நீ அதைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தாய். "இன்னாடி இது, தையல் மெஷினும் இஸ்திரி டேபிளும் கல்யாணம் கட்டிக்கினு பெத்த மாதிரி இருக்குது?" என்றாய். அந்த அம்மா கிட்டாரை மட்டும்தான் விட்டுப்போயிருந்தாள். சத்தத்தைப் பெருக்குகிற பெட்டியும் இல்லை, வலது காலால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பெடலும் இல்லை. அது இல்லாமல் இந்த வாத்தியம் பாதி ஊமை என்று நான் மூக்கைச் சிந்தினேன். "அழுவாத. கால்ல அமுக்கற கட்டைதான, நான் செய்யறேன்" என்றாய்.

செய்தாய். பெட்டிக்கு ஒரு பழைய ஸ்பீக்கர் கூடு, புது டிரான்ஸ்ஃபார்மர். பெடலுக்கு இரண்டு தேக்குப் பலகை, நடுவில் கதவுக் கீல். உள்ளே வால்யூம் கன்ட்ரோல், யாரோ எடைக்குப் போட்ட பழைய ரேடியோவிலிருந்து கழற்றினது, பித்தளைத் தண்டோடு. அதைச் சுற்றி, ரேடியோவில் முள்ளை நகர்த்துகிற அதே நூல். பலகை சாய்ந்தால் நூல் இழுக்கும், தண்டு திரும்பும். உன் கையால் செய்த எதிலும் ஒன்று இரண்டு என்று எண் போட மாட்டாயே. வெள்ளைப் பெயின்டில் குதிகால் பக்கம் 'கம்மி', விரல் பக்கம் 'ஜாஸ்தி' என்று எழுதினாய். ஜாஸ்தியின் துணைக்கால் மட்டும் வழிந்து கீழே ஓடியிருக்கும். இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

முதல் கச்சேரியைச் சொல்லாமல் விடுவேனா? கீழ்நாத்தூர் பக்கம் ஒரு நிச்சயதார்த்தம். கம்பியை மீட்டிவிட்டு, இழுப்பு நீளட்டும் என்று கால்விரலை அழுத்தினேன். சத்தம் செத்துப்போனது. பதறிக் காலை எடுத்தேன். பெட்டி வீறிட்டது பார், மாப்பிள்ளையின் தாத்தா பன்னீர்ச் சொம்பைக் கீழே போட்டுவிட்டார். கடைசிவரை 'கம்மி'யில் அழுத்தினால் ஜாஸ்தி, 'ஜாஸ்தி'யில் அழுத்தினால் கம்மி. மேடையை விட்டு இறங்கி உன்மேல் பாய்ந்தேன். நீ கொஞ்சமும் அசரவில்லை. "வண்டியில கால அமுக்குனா நிக்குது இல்ல? அத நெனச்சிக்கினே கம்பி குடுத்துட்டேன்" என்றாய். எழுத்தைச் சரியாக எழுதிவிட்டு, உள்ளே பிரேக்கை வைத்துவிட்டாய். மறுநாள் ஓர ஒயர் இரண்டையும் இடம் மாற்றினாய், சரியானது. அதற்கப்புறம் நான் ஒரு சுரம் பிசகினாலும் பெடலைக் குறை சொல்வேன், நீயும் விடாமல், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்பாய்.

இந்த வாத்தியத்தின் சூட்சுமத்தையும் நீதான் ஒரே வரியில் சொன்னாய், ஒரு சுரம்கூட வாசிக்கத் தெரியாத நீ. பாதி அழுத்தத்தில் மீட்ட வேண்டும். கம்பியின் சத்தம் தேயத் தேயக் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய்க்க வேண்டும். கடைக்கு வெளியே ஸ்டூல் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவள், "கம்பி அடங்க அடங்க நீ கால அமுக்கு. அது அடங்கறது கேக்கறவனுக்குத் தெரியவே கூடாது" என்றாய்.

எப்போதும் ஓயாமல் ஆடுகிற கால். அதனால் பெடலுக்குள் தூசு சேரும் என்று சொல்லி, மார்கழிக் கச்சேரிகள் முடிந்ததும் தையில் ஒரு நாள் கடைக்கு எடுத்துப்போவாய். அடிமூடியின் திருகாணியை நான் தொடக்கூடாது என்று உத்தரவு. திருப்பிக் கொடுத்ததும் நான் வாசித்துப் பார்த்துவிட்டுப் பிரசங்கம் வைப்பேன். "பழைய ரேடியோ பார்ட் பழைய பார்ட்தாண்டி. இப்ப வர்ற புது சாமான்ல இந்த இனிப்பு வருமா?" நீ முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், "ஆமாமா, உன் காதே காது" என்பாய். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

நீ ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாத பிறகு கிட்டாருக்குத் துணி போட்டு மூடிவிட்டேன். குழுவில் கூப்பிட்டார்கள், போகவில்லை. மனசு வரவில்லை, அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த நிவேதாதான் துணியை விலக்கினாள். "அத்தை, ரிசப்ஷன்ல நீங்க வாசிக்கணும். அம்மா செஞ்ச பெட்டி, அம்மா செஞ்ச பெடல். மேடையில நான் நிக்கறப்ப அம்மா சத்தம் கேக்கணும்" என்றாள். முடியாது என்று எந்த வாயால் சொல்வது?

அன்றைக்கே இணைத்துப் பார்த்தேன். பெட்டி உயிரோடு இருந்தது. காலை அசைத்தால்தான் பெடலிலிருந்து கரகர, கரகர என்று அரிசியில் கல் அரைபடுகிற சத்தம். இடுக்கு வழியாகச் சுத்தம் செய்கிற ஸ்பிரே அடித்தேன். இரண்டு நாள் அடங்கி மறுபடி வந்தது. சென்னையில் ஒரு கடைக்காரப் பையனிடம் போனில் கேட்டேன். தேய்மானமே இல்லாத பெடல் வந்திருக்கிறதாம், உள்ளே வெளிச்சத்திலேயே வேலை செய்யுமாம், வாங்கிக்கோங்க ஆன்ட்டி என்றான். எனக்கு எதற்குடி அந்த வெளிச்சம்? தேய்ந்தது அந்த ரேடியோ கன்ட்ரோல் என்று எனக்கே தெரியும். மாற்றினால் சரியாகிவிடும் என்றும் தெரியும். ஆனால் அதை எடுத்துவிட்டால் உன் சத்தத்தையே பிடுங்கிப் போட்ட மாதிரி ஆகிவிடாதா? எடுக்காமல் வாசித்தால் ஊர்கூடின இடத்தில் உன் பெயரால் கரகரவென்று கேட்குமே. இதிலேயே நாள் ஓடி வரவேற்பு மறுநாள் என்று வந்து நின்றது.

பெடலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு உன் வீட்டுக்கே போனேன். கல்யாண வீடு, கால் வைக்க இடமில்லை. பின்கட்டில் வாழைத்தார் பக்கம் உட்கார்ந்தேன். உன் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணன் பரணிலிருந்து உன் சால்டரிங் அயர்னையும் ஒரு பிஸ்கட் டப்பாவையும் இறக்கிக்கொண்டு வந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மனிதர். ஒயரைக் கண்டாலே நாலடி தள்ளி நிற்பவர்.

"எந்த சாமான்மா, வால்யூமா?" என்று டப்பாவைத் திறந்து நீட்டினார். உள்ளே புத்தம் புது வால்யூம் கன்ட்ரோல், கை நிறைய, எல்லாம் ஒரே மாதிரி.

"இவ்ளோ எதுக்குண்ணே வாங்கி வெச்சா?"

"உன் பெடலுக்குத்தான். வருஷா வருஷம் தையில மாத்துவாளே. அய்யோ, ஒளறிட்டேனே!"

அடிமூடியைக் கழற்றினேன். பித்தளைத் தண்டையே காணோம். டப்பாவில் இருந்ததைப் போலவே வெள்ளைத் தண்டு, கரகரத்துக்கொண்டிருந்த மகராசி அதுதான். ஈயம் வைத்த இடம் பற்ற வைத்துப் பிரித்துப் பற்ற வைத்துப் புற்று மாதிரி ஏறியிருந்தது.

"பழைய பார்ட்டு மொத வருஷமே புட்டுக்கிச்சாம்மா. உன்கிட்ட சொன்னா சவுண்டு மாறிப்போச்சுன்னு நீ ஒப்பாரி வெப்பே, சொல்லாதன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா. நீ இனிப்பு, இனிப்புன்னு சொல்லுவியாமே. ஊட்டுக்கு வந்து சிரிப்பா சிரிப்பா, அப்பிடி ஒரு சிரிப்பு."

அடிப்பாவி! ஆமாமா, உன் காதே காது! இத்தனை வருஷம் என்னை வைத்து நன்றாகப் பொழுதுபோக்கியிருக்கிறாய். கோபம்தான் முதலில் வந்தது, சத்தியமாக. அப்புறம் அந்தப் புற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த சாமானை நீ எப்போதோ குப்பையில் போட்டுவிட்டிருக்கிறாய். ஆனாலும் நான் கேட்டது உன் சத்தம்தான், ஒரு வருஷம்கூட மாறவில்லை. இதற்காகவா ஒன்றரை மாதம் சோறு இறங்காமல் கிடந்தேன்?

அண்ணன் போனில் லைட் அடித்துக்கொண்டு, மூஞ்சியை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பழையதை எடுத்துப் புதியதை வைத்தேன். விரலைச் சுட்டுக்கொண்டது அப்போதுதான். நூலைச் சுற்றினேன். அதன் மூன்று காலிலும் ஈயம் வைத்தேன், பார்த்தால் காக்கை எச்சம் மாதிரி இருந்தது, இருக்கட்டும். கூடத்துக்குக் கொண்டுபோய் நிவேதா பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கரில் இணைத்து, அவள் மருதாணி வைத்துக்கொள்ளப் போயிருந்த நேரம், அண்ணன் போனிலிருந்து பாட்டைப் பெடல் வழியாக விட்டோம். கால்விரலால் அழுத்தினேன். சத்தம் போயே போய்விட்டது. காலை எடுத்தேன். ஸ்பீக்கர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது, மாவரைத்துக்கொண்டிருந்த உன் நாத்தனார் ஓடிவந்தாள்.

ஏழுமலை அண்ணன் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, அவளும் மொதல்ல இப்பிடித்தாம்மா பண்ணா" என்றார். நீ வைத்த அதே பிரேக். நான் வண்டிகூட ஓட்டுவதில்லையடி! நான் சிரித்தேன், அவர் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நடுவில் அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார், எனக்கும் கண் மறைத்தது. நீ போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தது அன்றைக்குத்தான். பிறகு ஓர ஒயர் இரண்டையும் இடம் மாற்றினேன். கரகரப்பு மருந்துக்கும் இல்லை.

வரவேற்பிலும் ஒரு கூத்து. மண்டபம் முழுக்க சீரியல் லைட், பெட்டியில் 'உம்ம்' என்று ஒரே இரைச்சல். கீபோர்டு வாசிக்கிறவர் முகம் சுளித்தார். எனக்கு உன் பழக்கம் ஞாபகம் வந்தது. எந்த ஊர் மண்டபமானாலும் பிளக்கைச் செருகும் முன்னால் பின்பக்கம் போய் எர்த் கம்பி புதைத்த குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவாயே, "மொதல்ல பூமிக்குத் தாகம் தீரட்டும், அப்புறம் கரண்டு" என்று. அண்ணனிடம் காதில் சொன்னேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடத்தோடு கிளம்பிவிட்டார். சம்பந்தி வீட்டார் மாலையோடு பெண்ணின் அப்பாவைத் தேடிக்கொண்டிருக்க, அவர் பின்னால் காய்ந்து கிடந்த குழிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இரைச்சல் பாதிக்கு மேல் அடங்கியது. மீதியை மேளக்காரர் தன் சத்தத்தில் அமுக்கிவிட்டார்.

கடைசிப் பாட்டின் கடைசிச் சுரம். மீட்டிவிட்டுக் காலைச் சாய்த்தேன். கம்பி அடங்க அடங்கக் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். மேடையில் நிவேதா கைகுலுக்க வந்தவரை மறந்து என் பக்கம் திரும்பிவிட்டாள். போட்டோக்காரர், "இங்க பாரும்மா" என்று கத்துகிறார், அவள் பார்க்கவே இல்லை. அது எங்கே அடங்கியது என்று எனக்கே தெரியவில்லை. இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா சத்தம் அப்பிடியே இருக்குது அத்தை" என்றாள். நான் சாமானை மாற்றினேன் என்று அவளிடம் சொல்லவில்லை. அண்ணனிடமும் சத்தியம் வாங்கிவிட்டேன்.

பிஸ்கட் டப்பா இப்போது என் வீட்டு அலமாரியில், கிட்டாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. குழுவில் அடுத்த முகூர்த்தத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தை பிறந்ததும் நானே மாற்றுவேன். ஒயரை மறுபடி தலைகீழாகத்தான் வைப்பேன், பார்த்துக்கொண்டே இரு. சிரிக்கிறதானால் அப்போது வாய்விட்டுச் சிரி, உன் வீட்டுக்காரரிடம் மட்டும் சிரித்தது போதும்.