உம்ம மூக்கு என்ன சொல்லுது?

தக்கையைத் திருகி எடுத்ததும் உம் வாசம் வந்தது. தவறாக எழுதிவிட்டேன், விஸ்கியின் வாசம்தான். நீர் பாதியில் விட்டுப்போன பாட்டில். நேற்று மதினி மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்து, "அவுக இருந்தா ஒங்களுக்குத்தான் குடுத்திருப்பாக" என்று என் கையில் வைத்தார்கள். ஒரு தடவை மோந்து உடனே மூடிவிட்டேன்.

இன்று ஞாயிறு. ஐந்து மணிக்கு மருந்துக்கடை அண்ணாச்சியும், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவரும் என் வீட்டு மாடிக்கு வருகிறார்கள். நீர் போனதிலிருந்து உம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கவில்லை. போன வாரம் இருவரும் வந்து, இனி நான்தான் நடத்த வேண்டும் என்றார்கள். நான் இழுத்ததும் அண்ணாச்சி சொன்னார்: "ஒரு தடவ பாப்போம் ஸார். சரிப்பட்டு வரலைன்னா இதோட விட்டுருவோம். குடிக்கதுக்கு ஊர்ல எடமா இல்ல?"

குடிக்க இடம் நிறைய உண்டு. என்ன குடிக்கிறோம் என்று நின்று கவனிக்க உம் மொட்டை மாடி ஒன்றுதான் இருந்தது. இன்று நான் சொதப்பினால் அதுவும் முடிந்தது.

காலையிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தம்ளர்களைக் கழுவினேன். சோப்பு வாசம் நிற்குமோ என்று வெந்நீரில் அலசினேன். துடைத்த துணியின் வாசம் ஒட்டியிருக்குமோ என்று திரும்பவும் அலசிக் கவிழ்த்தேன். ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்திருக்கிறேன். வாழ்நாளெல்லாம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் இரண்டு பேருக்கு இப்படிப் பயப்படுகிறேன்.

கப்பல்களில் பார் பொறுப்பைப் பார்த்துவிட்டு வந்து, வண்ணார்பேட்டையில் எங்கள் தெருவில் வீடு கட்டினீர். முதல் நாள் நாங்கள் மூவரும் சோடாவை ஊற்றி ஒரே மடக்கில் விழுங்கியதைப் பார்த்து உம் முகம் போன போக்கு எனக்கு மறக்கவில்லை. "கசாயமாவே குடிக்கீரு, மூக்கப் பொத்திக்கிட்டு முழுங்குததுக்கு?" என்றீர். அடுத்த வாரம் சோடா வரவில்லை. தம்ளரின் அடியில் கொஞ்சம் ஊற்றி, காபி டவராவால் மூடி, "வாசம் எந்திரிச்சு வரட்டும்" என்று காக்க வைத்தீர். "வாயக் கொஞ்சம் தொறந்து வச்சுக்கிட்டு பைய மோந்து பாரும். நெடி ஒதுங்கிக்கிடும்." பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மறுபடியும் மூடி.

அதற்குப் பிறகுதான் கேள்வி வரும்: "உம்ம மூக்கு என்ன சொல்லுது?"

பாட்டிலின் அட்டையில் அச்சிட்டிருக்கும் சீமைப் பழங்களின் பெயரைச் சொல்லக் கூடாது. நாம் மோந்து வளர்ந்ததைச் சொல்ல வேண்டும். கல்லிடைக்குறிச்சிக்காரரான மேலாளர், அப்பளம் காய்கிற முற்றம் என்பார். அண்ணாச்சி, அடிப்பிடித்த கருப்பட்டிப் பாகு என்பார். நான், கடைசியாக நீரும் சொல்லி முடிக்கும்வரை இருந்து, "எனக்கும் அதுதான்" என்பேன்.

நீர் அதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறீர். ஒரு நாள் கண்ணை மூடி மோந்து, "பச்ச மொச்ச" என்றீர். "ஆமா, மொச்சைதான்" என்றேன்.

"மொச்சையும் இல்ல, ஒண்ணும் இல்லவே. சும்மா சொன்னேன். மூக்க யார்ட்ட அடகு வச்சீரு புரபசரே?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் எனக்கென்று ஏதாவது வாசம் தெரிகிறதா, இல்லை எல்லாமே உம்மிடம் இரவல் வாங்கியதா என்ற சந்தேகம் அன்று ஒட்டிக்கொண்டது. இன்னும் விடவில்லை.

இந்தப் பாட்டிலுக்கு உம் பதில் எனக்கு மனப்பாடம்: வள்ளத்துக்குத் தார் பூசிக் கரையில் காய விட்ட வாசம். அதையே சொல்லிவிட்டால் என்ன? யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வாசலில் ஸ்கூட்டர் நிற்கிறது. மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

போய்விட்டார்கள்.

ஊற்றினேன், மூடினேன், காத்திருந்தோம். தண்ணீர் விடும்போது மேலாளரின் தம்ளரில் கூடுதலாக விழுந்துவிட்டது. "இருக்கட்டும் ஸார், நான் தாங்காத ஆளு" என்றார். மோந்தோம். பிறகு இருவரும், உம் முகத்தை நான் பார்ப்பேனே, அதே மாதிரி என் முகத்தைப் பார்த்தார்கள்.

தார் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். இன்னொரு தடவை மோந்தேன். தார் இல்லை. ஈரச் சுவர் இருந்தது, புகை இருந்தது. ஆற்று வெள்ளம் வடிந்த மறுநாள், உம் வீட்டுச் சேற்றை அப்படியே விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் வீட்டில் அறை அறையாகத் தூபக்காலைத் தூக்கி நடந்தீரே, அந்த வாசம்.

"வெள்ளம் வடிஞ்ச வீட்டுல சாம்பிராணி" என்றேன். திரும்பவும் சொன்னேன்.

அண்ணாச்சி நிதானமாக மோந்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இல்ல ஸார், எனக்கு அப்படித் தெரியல. டிஞ்சர் போட்டுக் கட்டுன துணி."

"உமக்கு எத மோந்தாலும் மருந்துக்கடதான்வே" என்றார் மேலாளர். "இது கோயில் கொட முடிஞ்ச மறுநா, அணைஞ்சு கெடக்க தீவட்டி."

"தீவட்டியில எண்ண வாசம்லா வரும்? நல்லா மோந்து பாரும்."

இருட்டும்வரை வழக்காடினார்கள். என்னிடம் யாரும் தீர்ப்புக் கேட்கவில்லை. படியிறங்கும்போது அண்ணாச்சி திரும்பி, "அடுத்த ஞாயிறும் அஞ்சு மணிதான?" என்றார்.

நான் சொன்னது சரிதானா என்று இப்போதும் தெரியவில்லை. அவர்கள் தம்ளர்களைக் கழுவிவிட்டேன். என்னுடையதை டவராவால் மூடி, இதோ, பக்கத்தில் வைத்திருக்கிறேன். காலித் தம்ளர்தான். மூடியைத் தூக்கி மறுபடியும் மோந்து பார்த்தேன்.

தார் இல்லைவே. சாம்பிராணிதான்.