கயலுக்கு உன் குரல்

என் ஆசை மாப்ள,

கேக்குதுடா! எனக்குக் காது கேக்குது! இதை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவசரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்.

காலையில் அமுதாவும் கயலும்தான் ஏம்பலத்திலிருந்து பஸ்ஸில் என்னை டவுனுக்கு அழைத்துப் போனார்கள். நீ போனபோது என் தங்கையின் வயிற்றில் இருந்த உன் மகள்தான் கயல். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இத்தனை நாளும் அவள் வாய் அசைவதைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு சொல் கேட்டதில்லை.

டாக்டரம்மா காதில் மெஷினை மாட்டினார். முதலில் ஃபேன் இரைந்தது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள், பயந்தே போனேன். கயல் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"மாமா, நான் பேசறது கேக்குதா?"

கட்டைக் குரல்டா மாப்ள! பொண்ணுக்கு அப்படியே உன் கட்டைக் குரல்! "சிலேட்டுல எழுதியாவது சொல்லியிருக்கக் கூடாதாடி?" என்று அமுதாவைக் கேட்டேன். "நீயே கேக்கணும்னுதாண்ணா சொல்லல" என்றாள்.

உன் குரலை நான் கடைசியாகக் கேட்டது எல்லையில். இரண்டு பேரும் ஒரே பீரங்கியில் நின்றோம். நான் குண்டைத் தூக்கிக் கொடுத்தேன், நீ உள்ளே தள்ளினாய். அந்தப் பக்கத்திலிருந்தும் வந்துகொண்டே இருந்தது. "படுடா!" என்று கத்தி என்னைக் குழிக்குள் தள்ளினாய். உனக்குப் படுக்க நேரமில்லை. அதோடு என் காதும் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து நான் ஊருக்கு வந்த அன்று அமுதா என் சட்டையைப் பிடித்து உலுக்கி ஏதோ கேட்டாள். திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கு அவள் வாய் மட்டும்தான் தெரிந்தது.

இன்று திரும்பும் பஸ்ஸில் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு என்னை இன்னா கேட்ட?"

"அவரு கடைசியா எதுனா சொன்னாரான்னு கேட்டேண்ணா. அப்புறம் எழுதிக் கேக்க மனசு வரல."

சொன்னேன். படுடா என்றாய் என்று சொன்னேன்.

"போவும்போது கூட உன்னை அதட்டிட்டுத்தான் போயிருக்காரு" என்று அழுதுகொண்டே சிரித்தாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நானும் சிரித்தேன்டா, என் சிரிப்பு எனக்கே கேட்டது!

வில்லியனூரில் பஸ் மாற இறங்கினோம். கரும்பு லாரி ஒன்றின் டயர் வெடித்தது. அடுத்த நொடி நான் ரோட்டில் குப்புறக் கிடந்தேன். பக்கத்தில் கயலும் படுத்துக்கொண்டு, "இன்னா வெளாட்டு மாமா இது?" என்றாள். அவள் மேல் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டபடியே யோசித்தேன். நாம் அனுப்பிய குண்டுகள் எங்கே விழுந்தன மாப்ள? அங்கேயும் ஒருத்தி யார் சட்டையையோ பிடித்து உலுக்கியிருப்பாளா? அவளுக்குப் பதில் கிடைத்ததா?

உன் மகள் வீடு வந்து சேரும்வரை வாயை மூடவில்லை. இப்போதும் அடுப்பங்கரையில் அம்மாவோடு சண்டை. பேசட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும்! உன்னைப் பற்றி அவள் கேட்கும் நாளில் எதையும் மறைக்க மாட்டேன். நம் மேல் விழுந்ததையும் சொல்வேன், நாம் சுட்டதையும் சொல்வேன். இது சத்தியம்.

உன் மச்சான்,
கயலுக்குத் தாய்மாமன்
சேகர்